ஜூலியெத் கிரெக்கோ: பாட்டுக்குள் வாழ்ந்த நடிகை

பிரெஞ்சுப் பாடகியும் நடிகையுமான ஜூலியெத் கிரெக்கோவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அவருடைய பாடல்களை ஒரு பக்கமும் படங்களை மறுபக்கமும் வைத்துவிட்டு, பாடகியாக மாபெரும் வெற்றி, நடிகையாகச் சுமாரான வெற்றி என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக அவரைக் கேட்டும் பார்த்தும் வருகிற எனக்கு இந்தப் பிரிவினையில் உடன்பாடு இல்லை. அவர் முதலில் விரும்பியது நடிப்பைத்தான். திரைப்படம் கொடுக்கத் தவறிய வேடங்களை அவர் மூன்று நான்கு நிமிடப் பாடல்களில் எடுத்துக்கொண்டார் என்பதே என் எண்ணம்.

1927இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் பிறந்த அவருடைய இளமை, போரால் பாதியில் அறுபட்டது. நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த தாயும், மூத்த சகோதரியும் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 1943இல் கைதாகி ஃப்ரேன் சிறையில் அடைக்கப்பட்ட ஜூலியெத், வயது குறைவு என்பதால் விடுவிக்கப்பட்டார். பாரிஸில் தன்னந்தனியாக நின்ற அந்தப் பெண்ணுக்கு அடைக்கலம் தந்தவர், முன்பு அவருக்கு ஆசிரியையாக இருந்த நடிகை எலேன் துய்க். சேன் ழெர்மேன் தே ப்ரே பகுதியில் தங்கி நாடகப் பயிற்சி பெற்ற அந்த நாட்களில் உடுத்திக்கொள்ள எதுவும் இல்லாமல், ஆண் நண்பர்கள் கொடுத்த சட்டைகளையும் கால்சட்டைகளையும் மடித்துவிட்டு அணிந்துகொண்டார். பின்னால் பலர் பார்த்துப் பின்பற்றிய அந்தத் தோற்றத்துக்கு அடிப்படை வறுமைதான். தாயும் சகோதரியும் 1945இல் உயிரோடு திரும்பினார்கள்.

1947இல் தோஃபீன் தெருவின் நிலவறை ஒன்றில் ‘தபூ’ என்ற இரவு விடுதி தொடங்கியபோது, எழுத்தாளர் போரிஸ் வியானும் நண்பர்களும் ஜாஸ் இசையில் விடிய விடிய மூழ்கியிருந்த அந்த இடத்தின் முகமாகவே கிரெக்கோ பத்திரிகைகளில் வலம்வந்தார். ஒரு வரிகூடப் பாடுவதற்கு முன்பே அவர் புகழ்பெற்றுவிட்டார் என்பதுதான் வியப்பு. 1949இல், மீண்டும் திறக்கப்பட்ட ‘லெ பஃப் சூர் லெ துவா’ கேபரேயில் அவர் பாடவேண்டும் என்று முடிவானபோது, தத்துவவாதி சார்த்ர் அவருக்குக் கவிதை நூல்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர் எடுத்தவற்றில் ஒன்று ரேமோன் கெனோவின் கவிதை. இசையமைத்தவர் ழோசெஃப் கொஸ்மா.

அந்தத் தேர்வைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இளமை நிலைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா பெண்ணே, சுருக்கமும் தளர்வும் உன்னை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன என்று எச்சரிக்கிற கவிதை அது. ஓர் ஆணின் குரலில், கொஞ்சம் கேலியும் கொஞ்சம் ஆசையுமாக எழுதப்பட்டது. அதை மேடையேற்றியவருக்கு வயது 22. எச்சரிப்பவராகவும் எச்சரிக்கப்படுபவராகவும் ஒரே மூச்சில் இருந்தாக வேண்டிய இந்த வேலையைப் பாடகியின் வேலை என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

கேபரே என்பது மேசைகளைச் சுற்றிப் பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் சிறு அரங்கு. பாடுபவரின் கண்ணிமை அசைவதுகூடத் தெரிந்துவிடும். அந்த நெருக்கத்தில்தான் கிரெக்கோவின் மேடை முறை உருவானது. கழுத்து முதல் பாதம் வரை மூடிய கறுப்பு உடை, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும் உடல், இருளிலிருந்து பிரிந்து தெரியும் முகமும் கைகளும். 1967இல் அவர் பதிவுசெய்த ‘தேஷபியே முவா’ இதற்குச் சரியான சான்று. ஆடை களையும் நடனக்காரி ஒருத்திக்காக ரொபேர் நியெல் எழுதி, காபி வெர்லோர் இசையமைத்த அந்தப் பாடலில், தன் ஆடையைக் களையச் சொல்லும் பெண் அவசரப்படாதே, முதலில் பார், பிறகு நெருங்கு என்று ஆணுக்கு ஒவ்வொரு அடியாகக் கட்டளையிடுகிறாள். மேடையில் கிரெக்கோ ஒரு பொத்தானைக்கூடத் தொடமாட்டார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவர் விடுகிற மௌனத்தில்தான் முழுக்காட்சியும் நடக்கிறது. கடைசி வரியில் ஆடை களையவேண்டியது எதிரில் இருப்பவர்தான் என்று திருப்பும்போது, அதுவரை அரங்கில் யார் கை ஓங்கியிருந்தது என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

திரைப்படங்களில் இந்த அதிகாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1950இல் ழான் கொக்தோவின் ‘ஓர்ஃபே’யில் பெண்கள் கூட்டத்தின் தலைவி அக்லவோனீஸாக வந்தது நல்ல தொடக்கம். 1957க்குப் பிறகு, தயாரிப்பாளர் டேரில் ஸானக்கின் அக்கறையால் ஹாலிவுட் கதவு திறந்தது. ஜான் ஹியூஸ்டன் ஆப்பிரிக்காவில் எடுத்த ‘தி ரூட்ஸ் ஆஃப் ஹெவன்’, ஆர்சன் வெல்ஸுடன் இரட்டை வேடம் ஏற்ற ‘கிராக் இன் தி மிர்ரர்’ ஆகியவை அந்தக் காலத்தவை. பெரிய பெயர்கள், பெரிய செலவு. ஆனால் அவருடைய தோற்றத்தில் இருந்த மர்மத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய நகைச்சுவையையும் கூர்மையையும் அவை கண்டுகொள்ளவில்லை. 1958இல் ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய ‘போன்ழூர் திரிஸ்தெஸ்’ படத்தில் கறுப்பு வெள்ளையில் வரும் பாரிஸ் இரவு விடுதிக் காட்சியை இவற்றுக்கெல்லாம் மேலாக வைப்பேன். அங்கே அவர் கிரெக்கோவாகவே நின்று பாடுகிறார். கதாநாயகியாக வரும் ஜீன் சீபெர்க் நடனமாடியபடியே தன் கடந்த காலத்துக்குள் நழுவுகிறார். கதாபாத்திரம் எதையும் ஏற்காமலேயே அந்தக் கதையின் துயரத்தை நமக்கு முதலில் சொல்லிவிடுபவர் அவர்தான்.

பிரான்சில் வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டுசேர்த்தது 1965இல் க்ளோத் பர்மா இயக்கிய ‘பெல்ஃபெகோர்’ என்ற தொலைக்காட்சித் தொடர். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இரவில் உலவும் பெல்ஃபெகோர் என்ற முகமூடி உருவத்தைப் பற்றிய கதை. முகமூடிக்குள் பெரும்பாலும் நடந்தவர் இசாக் அல்வாரெஸ் என்ற ஊமைநாடகக் கலைஞர். ஆயினும் நாட்டின் நினைவில் பெல்ஃபெகோர் என்றால் கிரெக்கோதான்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸுடனான காதலைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. கிரெக்கோவின் கலைப்பயணத்தைப் பொறுத்தவரை, பியானோ கலைஞர் ழெரார் ழுவான்னெஸ்தின் வருகையே முக்கியம் என்பேன். பாடகர் ழாக் பிரெலுக்கு வாசித்துவந்த அவர், 1968 முதல் கிரெக்கோவுடன் இணைந்தார். 1988இல் இருவரும் மணந்துகொண்டார்கள். பாடகி எங்கே மூச்சை நிறுத்துவார் என்று அறிந்த வாசிப்பு அவருடையது. 1981இல் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியிலிருந்த சிலியில், ராணுவத்தினர் அமர்ந்திருந்த அரங்கில் கிரெக்கோ தடைசெய்யப்பட்டிருந்த பாடல்களையே பாடினார், கைதட்டல் எழவில்லை.

2013இல், 86 வயதில், பிரெலின் பாடல்களை மட்டும் கொண்ட தொகுப்பு ஒன்றை அவர் வெளியிட்டார். 2020 செப்டம்பரில் மறைந்த அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். குரலின் வலு குறைந்துவிட்டது. பல வரிகளை ஏறக்குறையப் பேசுகிறார். எந்தச் சொல்லைக் கடித்துச் சொல்வது, எதைக் காற்றில் விட்டுவிடுவது என்ற கணக்கில் மட்டும் சற்றும் பிசகில்லை. அதைக் கேட்டபின் 1949ஆம் ஆண்டின் கெனோ பாடலுக்குப் போனால், இரண்டிலும் ஒரே நடிகையைக் கேட்கலாம்.