வயதை முதலில் எழுதுங்கள்: மனநல மருத்துவத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

எம்.டி. மனநல மருத்துவத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதுதான். புத்தகங்களை உங்கள் பேராசிரியர்களே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல விரும்புவது ஒரு நோட்டைப் பற்றி. வேலூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய, கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு மாதிரித் தேர்வில் நான் தவறிய நாளன்று மாலை அதை எழுதத் தொடங்கினேன்.

அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட நோயாளி, குடியாத்தம் பக்கத்துப் பாட்டி ஒருவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கணவர் இறந்து நான்கு மாதம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கேட்டதற்கு ஓரிரு சொற்களில் பதில். சோறு இறங்கவில்லை. "அப்பா போனதிலிருந்தே இப்படித்தான் டாக்டரம்மா" என்றார் மகள். எனக்கு வேறென்ன வேண்டும்? மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம் என்ற கணக்கு மனப்பாடமாக இருந்தது. அதில் அவரை அழகாகப் பொருத்தி, கோர்வையாகச் சொல்லி முடித்தேன்.

தேர்வாளர் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். போன வாரம் பாட்டி என்ன செய்துகொண்டிருந்தார்? கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னீர்களா? இரண்டையும் நான் கேட்டிருக்கவில்லை. அவரே மகளிடம் கேட்டார். போன வாரம்வரை பாட்டி பீடி சுற்றிக்கொண்டிருந்தார், ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் வந்தார். பிறகு பாட்டியிடம் கிழமைகளைக் கேட்டார். "சனி, வெள்ளி..." என்று தொடங்கி, நடுவில் கண் செருகித் தூங்கிப்போனார் பாட்டி. அது மனச்சோர்வு அல்ல, டெலிரியம், அதாவது உடல் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். கத்திக் கூச்சலிடாமல் அமைதியாகக் கிடக்கும் வகை. இரத்த அழுத்தத்துக்காகப் பத்து நாள் முன்பு சேர்த்த, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் 118க்கு இறங்கியிருந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. மெதுவாகச் சரிசெய்த சில நாட்களில் அவர் எழுந்து உட்கார்ந்து மகளைப் பெயர் சொல்லி அழைத்தார். அதன் பிறகுதான் கணவரை நினைத்து வாய்விட்டு அழுதார். அந்த அழுகைக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை.

நான் பாடங்களை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்திருந்தேன். நோயாளிகள் அத்தியாயமாக வருவதில்லை, ஒரு வயதோடு வருகிறார்கள். அன்று மாலை நோட்டின் இடது ஓரத்தில் வயதுகளை எழுதினேன்: ஐந்துக்குள், பள்ளிப் பருவம், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு, பிள்ளைப்பேற்றுக் காலம், நடுவயது, அறுபதுக்கு மேல். ஒவ்வொரு வயதுக்கும் நான் எழுதியவை ஒரே வகைக் கேள்விகள்தான். இந்த வயதில் இந்த அறிகுறி வேறு எந்த நோயின் வேஷமாக இருக்கலாம்? எந்த அளவுகோல் மாறுகிறது? எந்த மருந்தில் கை நடுங்க வேண்டும்?

இப்படிப் படிப்பதற்கு நோய் வகைப்பாட்டு நூல்களிலேயே ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 குழந்தைப் பருவக் கோளாறுகளுக்கெனத் தனிப் பகுதி வைத்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 அப்படித் தனியே ஒதுக்குவதைக் கைவிட்டு, வாழ்நாள் வளர்ச்சியின் வரிசையில் அத்தியாயங்களை அடுக்கியது. வயதால் மாறும் எண்களை மட்டும் தொகுத்து எழுதிப் பாருங்கள், எத்தனை கேள்விகளுக்கு அதிலேயே விடை கிடைக்கிறது என்று தெரியும். நீடித்த மென்மையான மனச்சோர்வுக்குப் பெரியவர்களில் இரண்டு ஆண்டு, குழந்தைகளில் ஓராண்டு. படுக்கையில் சிறுநீர் கழிப்பதை ஐந்து வயதுக்கு முன் நோய் என்று சொல்லக் கூடாது. கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சமூக விரோத ஆளுமை என்று பதினெட்டு வயதுக்குக் கீழ் எழுதவே முடியாது. நீடித்த துக்கக் கோளாறுக்கு ஐ.சி.டி.-11 ஆறு மாதம் கேட்கிறது. 2022இல் திருத்தப்பட்ட டி.எஸ்.எம். பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் குழந்தைகளுக்கு ஆறு மாதமும் கேட்கிறது. குடியாத்தம் பாட்டிக்குக் கணவர் இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை இந்த வரியை எழுதும்போது கவனித்தேன். எழுத்துத் தேர்வில் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறேன் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். அது பல குழப்பங்களைத் தவிர்த்தது.

பள்ளிப் பருவப் பக்கத்தை நிரப்பியது ஆம்பூர்ப் பக்கத்துச் சிறுவர்கள். தோல் பதனிடும் ஆலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் பெற்றோர், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அழைத்து வருவார்கள். "வகுப்பில் கவனிப்பதே இல்லை" என்ற ஆசிரியரின் துண்டுச் சீட்டு சட்டைப் பையில் இருக்கும். அந்தச் சீட்டை நோயின் பெயராக மாற்றிவிடாதீர்கள். காது கேட்கிறதா? வீட்டில் உருது, பள்ளியில் தமிழ் என்றால் பாடம் புரிகிறதா? எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறதா? சில விநாடிகள் விழித்தபடி உறைந்துபோய், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறானா? கடைசியாகச் சொன்னது வலிப்பின் ஒரு வகை. மூளை மின்பதிவில் விநாடிக்கு மூன்று என்ற அலைகளாகத் தெரியும். கவனக்குறைவுக் கோளாறு என்றால் வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அறிகுறி இருக்க வேண்டும். ஆசிரியரிடம் பேசாமல் லாங் கேஸ் (செய்முறைத் தேர்வில் ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து விவரிப்பது) சொன்னால், அந்த இடத்திலேயே தேர்வாளர் நிறுத்துவார்.

பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு வரையிலான பக்கம்தான் என் நோட்டில் அதிகம் அழுக்கானது. பதின்பருவத்தில் மனச்சோர்வு சோகமாக வராமல் எரிச்சலாக வரலாம், அளவுகோலே அதை ஏற்கிறது. மனச்சிதைவும், சோர்வும் மிகையான மனவெழுச்சியும் மாறிமாறி வரும் இருதுருவ நோயும் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் பெரும்பாலும் இங்கேதான். மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடங்கும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் விதித்து, 2007இல் இருபத்துநான்கு வயதுவரை நீட்டியது. மாத்திரை எழுதினால் அடுத்த வாரமே வரச்சொல்ல வேண்டும் என்பது இதன் பொருள்.

இங்கே நம் மண்ணைப் பற்றிய ஓர் எண்ணைப் படித்து நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் 10 முதல் 19 வயதுவரையானோரின் மரணங்களை ஆராய்ந்த கட்டுரை 2004இல் லான்செட் இதழில் வந்தது. தற்கொலையால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு இளம்பெண்களில் 148, ஆண்களில் 58. பாடநூலில் ஆண்களே அதிகம் என்று படித்திருப்போம். நம் கிராமங்களில் அந்த வயதில் அது தலைகீழாக இருந்திருக்கிறது. ஆகவே பெண் பிள்ளை எதற்காக வந்திருந்தாலும், வயிற்றுவலி என்றே வந்திருந்தாலும், தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேளுங்கள்: "இப்படி இருப்பதைவிட இறந்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. நான் கேட்டபோது பல பெண்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள், கடைசியில் யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதுபோல. தொடர்ந்து, வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைப் பூட்டிவைக்கப் பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அரசின் கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். லாங் கேஸில் சிகிச்சைத் திட்டம் சொல்லும்போதும் இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். மருந்தின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

பிள்ளைப்பேற்றுக் காலத்துக்கு வீட்டுப் பெரியவர்களின் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். "பச்சை உடம்புக்காரி, ஜன்னி கண்டுவிட்டது" என்று ஒரு மாமியார் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பிரசவமான இரண்டு வாரத்துக்குள், தூக்கமின்றி, குழம்பி, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசும் தாயைத்தான் அவர் விவரிக்கிறார். அது அவசர நிலை, அன்றே சேர்க்க வேண்டும். காய்ச்சல் உண்டா, உதிரப்போக்கு எப்படி, வலிப்பு வந்ததா என்று பார்த்த பிறகே மனநோய் என்று எழுத வேண்டும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வந்து தானே அடங்கும் கண்ணீர் வேறு. வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வு வேறு. எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் அதைக் கண்டுபிடிக்க உதவும். முன்பு இருதுருவ நோய் இருந்ததா என்ற கேள்வியைத் தாய்வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மறைத்திருப்பார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

நடுவயதுக்கு அதிகம் எழுதவில்லை, பாடநூல்கள் அந்த வயதுக்கே எழுதப்பட்டவை. குடியைப் பற்றி மட்டும் ஒன்று. நெடுஞ்சாலை விபத்தில் கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர், மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று எழுந்து ஓடினால், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள். அது குடி திடீரென்று நின்றதால் வந்த டெலிரியமாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். இந்த வரிசை தெரியாமல் வைவாவில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறுபதுக்கு மேல் என்ற பக்கத்தில் முதல் வரி: திடீரென்று வந்தால் டெலிரியம், மெல்ல வந்தால் மறதி நோய், இரண்டையும் ஒத்திருந்தால் மனச்சோர்வு, மூன்றும் ஒருவரிடமே இருக்கலாம். அடுத்த வரி: அறுபதுக்கு மேல் முதன்முறையாக மனநோய் வந்தால், உடலில் காரணம் தேடி முடிக்கும்வரை நம்பாதே. டெலிரியத்தின் உயிர்நாடி கவனம் சிதறுவது, ஏறி இறங்குவது. காலையில் பார்த்தவரை மாலையிலும் போய்ப் பாருங்கள்.

நினைவையும் அறிவுத்திறனையும் அளக்கும் முப்பது மதிப்பெண் சோதனையை அப்படியே நம் பாட்டிகளிடம் நடத்த முடியாது. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், பள்ளிக்கே போகாதவர் எங்கே போவார்? தேதி கேட்பதைவிட, இது ஆடியா ஆவணியா, திருவண்ணாமலைத் தீபம் முடிந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து பாலாறு எந்தப் பக்கம், காட்பாடிக்குப் போக எங்கே பஸ் ஏறுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மகளிடம், காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பதை அம்மா மறந்தாரா, பென்ஷன் பணத்தை எண்ணத் தடுமாறுகிறாரா என்று கேளுங்கள். உலகின் மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் (66 சதவீதம்) நம்மைப் போன்ற நாடுகளில் இருந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு பத்து சதவீதம்கூட இல்லை என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட 10/66 என்ற ஆய்வுக்குழு, படிப்பறிவு தடையாகாத சோதனை முறையைத் தேடியது. அவர்களின் இந்தியக் களங்களில் வேலூர்க் கிராமங்களும் உண்டு. இந்த வயதில் இருதுருவ நோய்க்கு லித்தியம் கொடுத்தால் அளவைக் குறைத்துத் தொடங்குங்கள், சிறுநீரகமும் தைராய்டும் பாருங்கள், இரத்தத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் நச்சு. லூயி பாடி வகை மறதி நோயில், மனநோய் மருந்து ஒரு வேளையே உடலைக் கட்டைபோல் இறுக்கிவிடலாம்.

சட்டத்தையும் வயதுவாரியாகவே படித்தேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழானவர் மைனர், சேர்ப்பதற்கு வேறு விதி. மயக்க மருந்து இல்லாத மின் அதிர்வு சிகிச்சைக்கு எல்லா வயதிலும் தடை. மைனருக்கு அந்தச் சிகிச்சை என்றால் பாதுகாவலரின் சம்மதமும் மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

குடும்பத்தாரிடம் பேசும் பழக்கத்தை வளர்க்க வேலூரைவிட நல்ல ஊர் கிடைக்காது. பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பதற்குப் பெயர் பெற்றது. நீங்கள் எங்கே படித்தாலும் உறவினரை வார்டு வாசலில் நிற்கும் கூட்டமாகப் பார்க்காதீர்கள். முன்பு இவர் எப்படி இருந்தார் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். தினமும் ஒரு நோயாளிக்கு ஒரு நேர்கோடு வரைந்து, பிறப்பு முதல் இன்றுவரை வயது குறித்து, அதன்மேல் நோயும், அதன்கீழ் படிப்பு, திருமணம், சாவு, கடன் என்று வாழ்க்கையும் எழுதிப் பழகினேன். பரீட்சைக்கு முந்தைய மாதம் வேறு எதையும் விட்டாலும் அதை விடவில்லை.

நான்கு தாள்களும் முடிந்து செய்முறைத் தேர்வு வந்தது. எனக்கு வந்த லாங் கேஸ், முப்பதைத் தாண்டிய ஒரு பெண். இருதுருவ நோயில் மூன்றாவது முறையாக மனவெழுச்சி. கணவர் பக்கத்தில் இருந்தார். நான் கோடு வரைந்து வயதுகளைக் குறித்துக்கொண்டு உள்ளே போனேன். கதை, பரிசோதனை, நோயின் பெயர் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்ட தேர்வாளர், "வால்புரோயேட் எழுதலாமே?" என்று மனவெழுச்சியை அடக்கும் மருந்தைச் சொன்னார். பிள்ளைப்பேறு வயது, கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடத்துக்கும் மூளை வளர்ச்சிக்கும் ஆபத்து, அதனால் தவிர்ப்பேன் என்றேன். "கடைசி மாதவிடாய் எப்போது?" என்றார். ஆறு வாரம் முன்பு, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையைத்தான் என் திட்டத்தின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன் என்று தாளைக் காட்டினேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியான ஷார்ட் கேஸுக்குப் போகச் சொன்னார்.