ஒருத்திக்கு அரைச் சுண்டு அரிசி

எங்கள் பள்ளியில் மனையியல் படித்தவர்களுக்கு அந்தச் செய்முறைக் கொப்பி நினைவிருக்கும். சோறு, சொதி, பிட்டு எதுவானாலும் அளவுகள் ஐந்து பேருக்குத்தான். ஒரு பெண் தனக்கு மட்டும் உலை வைக்கும் நாள் வரலாம் என்று எந்தப் பாடமும் எண்ணவில்லை. அந்த வாங்குகளில் இருந்தவர்களில் பலர் இன்று வன்னியில் தனித்து வாழ்கிறார்கள். சிலர் 2009இல் துணையை இழந்தவர்கள். சிலர் மணம் முடிக்காதவர்கள். சிலருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும். இந்த மலரை விரிக்கிற உங்களில் பலருக்கு அம்மாவோ, மாமியோ, பக்கத்தில் இருந்து படித்தவளோ அந்த வரிசையில் இருப்பாள்.

அவர்களுக்குள் நிறைவோடு இருப்பவர்களும் உண்டு. தையலைப்போலத் தனிமையும் கைபழகி வருவதுதான் என்று அவர்களைப் பார்த்தால் தெரியும். எப்படிப் பழகுகிறார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் வளவு. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் இருமினால் வேலிக்கு அப்பால் கேட்கும். விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கக் குடியேற்றத் திட்டங்களில் காணி ஏக்கர்க் கணக்கில் கொடுத்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் தென்னை, மா, பற்றை. கூப்பிட்டால் கேட்காது. "விழுந்து கிடந்தால் ஆருக்குத் தெரியும்?" என்ற எண்ணம்தான் தனித்திருப்பவளின் நித்திரையை முதலில் கெடுக்கிறது. அதற்கு ஊரில் உள்ள நல்ல மருந்து படலை. காலை ஆறரைக்கு முன் படலையைத் திறந்து கொளுவிவிடுவது. ஏழு மணிக்கும் மூடியிருந்தால் ஆள் வந்து பார்ப்பது. இதை ஒரு வீட்டோடு மட்டும் பேசி வைத்தால் போதாது. அந்த வீட்டார் கலியாணவீடு, செத்தவீடு என்று வெளிக்கிட்டுவிட்டால் பார்க்க ஆளில்லை. ஆகவே இரண்டு வீடு வேண்டும், அதில் ஒன்றிலாவது பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் நல்லது, அது எப்படியும் அந்த நேரத்தில் ஒழுங்கையால் போகும். தான் வெளியூர் போவதானால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். இரண்டு தரம் சொல்லாமல் போனால், மூன்றாம் தரம் படலை மூடியிருந்தாலும் "எங்கையோ போயிருப்பா" என்று விட்டுவிடுவார்கள். மாற்றுத் திறப்பும் அந்த இரண்டில் ஒரு வீட்டில் இருக்கட்டும்.

இரவுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். முற்றத்து லைற்றின் சுவிச் படுக்கிற அறைக்குள் இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமலே வெளிச்சம் போடலாம். வெக்கைக்காக நிலத்தில் பாய் போட்டுப் படுப்பது பலருக்குப் பழக்கம். எட்டடி விரியன் என்ற கொடிய நச்சுப்பாம்பு இரவில்தான் திரியும், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. அதனாலேயே பலர் விடியும்வரை பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கட்டிலில் படுப்பதும், நுளம்புவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுவதும் பெரிய காவல். விறகும் ஊமலும் சுவரோடு அடுக்கக்கூடாது. எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

சமையலில்தான் தனிமை முதலில் தோற்கும். "எனக்கெண்டு என்னத்தைச் சமைக்கிறது" என்று ஒருத்தி சொல்லத் தொடங்கினால் கவனியுங்கள். காலையில் தேத்தண்ணி, மத்தியானம் பாண், இரவு பிஸ்கற் என்று சில மாதம் போனால் தலைச்சுற்றும் களைப்பும் வரும். சீனி வருத்தம் உள்ளவளுக்கு அதைவிட மோசம். உடம்பு சோர்ந்தால் மனமும் சோரும். பிறகு எது எதனால் வந்தது என்றே பிரித்தறிய முடியாது.

ஒருத்திக்கு ஒரு வேளைக்கு அரைச் சுண்டு, அதாவது பால்பேணியில் பாதி, அரிசி போதும். குடும்பத்துக்கு வாங்கிய பெரிய பானையில் அதைப் போட்டால் உலை கொதிக்க விறகு வீணாகும். வடிக்கும்போது பாதிச் சோறு பானையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த எரிச்சலில் ஒரேயடியாக இரண்டு நாளுக்கு ஆக்கி வைப்பார்கள், வெக்கையில் அது பழுதாகிவிடும். ஒரு கொத்துக் கொள்ளும் சின்னப் பானை ஒன்றும், சின்னச் சட்டி இரண்டும், பிட்டு அவிக்க ஒராள் அளவு நீத்துப்பெட்டி ஒன்றும் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பிட்டுக்கு வறுத்த மாவைக் காற்றுப் புகாத ரின்னில் வைத்தால் முக்கால் சுண்டு எடுத்துக் குழைப்பது ஐந்து நிமிட வேலை. கறித்தூளை இருநூறு, இருநூற்றைம்பது கிராமுக்கு மேல் திரிக்க வேண்டாம்; வாசம் போய் வண்டு பிடிக்கும். தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதியை முதலில் திருவுங்கள், அதுதான் கெதியில் பழுதாகும். மற்றப் பாதியில் உப்புத் தடவி வைத்தால் அடுத்த நாளைக்கு நிற்கும். மூன்று கறி வைக்கிற பழக்கத்தை விடலாம். கால் சுண்டு பருப்பு அவிந்து வரும்போது ஒரு கைப்பிடி முருங்கையிலையைப் போட்டு இறக்கினால் ஒரு சட்டியில் இரண்டு கறி முடிந்தது. கோழி வைத்திருந்தால் முட்டை இருக்கும். இல்லாவிட்டால் நெத்தலிக் கருவாடு.

சாப்பிடுவது கோப்பையில் போட்டு, இருந்து, நேரத்துக்கு. அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவள் தன்னை விருந்தாளியைவிடக் கீழாக வைத்துவிட்டாள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வன்னியில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுதுபடும். ஏழிலிருந்து ஒன்பதுவரைதான் கடினமான நேரம். பகலில் ஆடு, கோழி, கிணறு, வேலி என்று கால் ஓயாது. பலர் செய்கிற பிழை, எல்லா வேலையையும் பகலிலேயே முடித்துவிட்டு இருட்டுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காததுதான். பிறகு பத்தரைவரை நாடகம் பார்த்துத் தலைப்பாரத்தோடு படுக்கிறார்கள். இருந்து செய்கிற ஒரு கைவேலையை வேண்டுமென்றே இரவுக்கு ஒதுக்க வேண்டும். பனையோலைப் பெட்டி இழைக்கிறவர்களுக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. வார்ந்த ஓலையைப் பின்னேரம் நாலு மணிக்கு ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஏழு மணிக்கு வளைந்து கொடுக்கும். சோளகக் காற்று அடிக்கிற பகலில் அதே ஓலை காய்ந்து வெடிக்கும். கச்சான் (நிலக்கடலை) போடுகிறவர்கள் விதைக்கச்சானை இரவில் கையால் உடைக்கிறார்கள். அவசரப்பட்டு உடைத்தால் பருப்பின் சிவப்புத் தோல் கிழியும், தோல் கிழிந்த பருப்பு சரியாக முளைக்காது. ஆகவே அது மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் றேடியோ மெல்லப் பாடட்டும். தனக்குத் தானே கதைப்பதைப் பற்றி வெட்கப்படவும் வேண்டாம்.

தனிமை இனிக்க வேண்டுமென்றால் வெளிக்கிடுகிற நாளும் வேண்டும். வெள்ளிக்கிழமைக் கோயில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம், சந்தை என்று கிழமையில் இரண்டு நாளாவது குறித்த நாளாக இருந்தால் மற்ற நாட்களின் அமைதி பாரமாகாது. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் பத்துப் பெண்கள் சேர்ந்து வாகனம் பிடித்துப் போகிறார்கள். நல்ல காரியத்தில் கைம்பெண் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஒரு பெண்ணை வீட்டுக்குள் அடைத்துப் போடுகிறது. அப்படிச் சொல்லும் உறவினர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் நீங்களே கண்டித்துச் சொல்லுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் வேறு. அவர்களுடைய காத்திருப்புக்கு மேலே சொன்ன எதுவும் மருந்தல்ல. "இனி மறந்துபோட்டு நிம்மதியா இரு" என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழை எடுக்கலாம். இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்காமலே சொத்து, கொடுப்பனவு விடயங்களைப் பார்க்க அது உதவும். அதையும் வேண்டாம் என்கிறவர்கள் பலர், அது அவர்கள் முடிவு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். நீதி கேட்டு அமர்ந்த இடத்தில், இதே துயரை அறிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தாள் என்பதும் அவர்களுக்குப் பெரிய விடயம்.

அமைதிக்கும் நோய்க்கும் வித்தியாசம் உண்டு. முற்றம் கூட்டாமல் விடுவது, தலை முழுகாதது, விடியப்புறம் மூன்று மணிக்கு முழித்துப் பிறகு நித்திரை வராதது, ஆடு கோழியில்கூட அக்கறை இல்லாதது, இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து எடுக்கிற உங்களுக்கு: நினைத்த நேரத்தில் எடுக்காதீர்கள். எப்போது வரும் என்று தெரியாத அழைப்புக்காக அவள் நாள் முழுக்க போனைக் காவிக்கொண்டு திரிகிறாள். கிணற்றடிக்குப் போகவும் யோசிக்கிறாள். நாளையும் நேரத்தையும் குறியுங்கள். வன்னியில் இரவு ஏழு மணி என்பது லண்டனில் மாரியில் பிற்பகல் ஒன்றரை, கோடையில் இரண்டரை. ரொறன்ரோவில் மாரியில் காலை எட்டரை, கோடையில் ஒன்பதரை. பத்து நிமிடம் போதும். "தனியப் பயமில்லையோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் இல்லாத பயமும் வரும். எத்தனை பெட்டி இழைத்தாள், எந்தக் கோழி அடைக்கு இருக்கிறது, இன்றைக்கு என்ன கறி என்று கேளுங்கள். கறியைப் பற்றிய பதில் இரண்டு தரம் தொடர்ந்து "பாண்தான்" என்று வந்தால், அடுத்த அழைப்பு அவளுக்கல்ல, படலையைப் பார்க்கிற அந்த இரண்டு வீட்டில் ஒன்றுக்கு.