தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா?

"தலை சுத்துது" என்பவரிடம் முதலில் இதைக் கேட்டுவிட வேண்டும்: சுவரும் மின்விசிறியும் சுழல்கிறதா, எழுந்ததும் கண் இருட்டுகிறதா? இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். சர்க்கரை நோயாளிகளின் விஷயத்தில் குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

கண் இருட்டினால் அப்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை. விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 'பித்தம்' என்று எலுமிச்சை ஜூஸ் குடித்துச் சரியாகிறவர்களில் சிலரைக் காப்பாற்றியது எலுமிச்சை இல்லை, அதில் போட்ட சர்க்கரை! குளுக்கோமீட்டர் காட்டிய அளவு சரியாக இருந்தால் படுத்தபடி 5 நிமிடம் கழித்து பி.பி. எடுத்து, நின்றபடி 1, 3 நிமிடங்களில் எடுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் நரம்புப் பாதிப்போ பி.பி. மாத்திரையோ காரணமாகலாம்.

படுக்கையில் புரண்டதும் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் பெரும்பாலும் உள்காதுச் சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறி அரைவட்டக் குழாயில் விழுந்திருக்கும். இதற்கு, தலையை வரிசையாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எப்லி முறை. வலது காது என்றால்: உட்கார்ந்தபடி தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாந்து, கட்டில் விளிம்புக்குக் கீழே தலை கொஞ்சம் தொங்கும்படி படுக்க வேண்டும். சுழற்சி நின்றபின்னும் 30 வினாடி பொறுத்து, தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 வினாடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் உருண்டு, மூக்கு தரையைப் பார்க்க 30 வினாடி. மெல்ல எழுந்து உட்காரலாம். பலிக்காமல் போனால், காதை மாற்றிச் செய்ததோ அவசரமோ காரணமாக இருக்கலாம். முதல்முறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தாமாக முயல வேண்டாம்.

திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தைப் பார்க்க வேண்டிய நேரம்: எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, கொழுப்பு, வைட்டமின் டி. உள்காதுத் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்கும் பம்புகள் நாள் முழுக்க குளுக்கோஸும் ஆக்சிஜனும் கேட்பவை. நுண் ரத்தக் குழாய்கள் கெட்டால் அவையும் திணறும். வைட்டமின் டி 20-க்குக் (ng/mL) கீழே இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்ததில் சுழற்சி திரும்புவது குறைந்ததாக 2020-இல் வெளியான தென்கொரிய ஆய்வு காட்டியது.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாமை கூட வந்தால் எப்லி எதுவும் வேண்டாம், உடனே 108. தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின் மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்; மூளை சமநிலையை மீட்கும் வேலையை அது தள்ளிப்போடும், வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் வரலாம்.