வெள்ளை அங்கி போட்ட சித்தப்பா

ஜனவரி மாதக் காலை. பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டே ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த மெட்டு. சர்ச் பக்கமே போகாத வீட்டில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் இந்தச் சின்சினாட்டிக்கு வந்து ஒன்பது வருடம். பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். சாலையில் வலப்பக்கம் ஓட்டுகிறேன், வானிலையை வைத்துப் பேச்சை ஆரம்பிக்கிறேன். ஆனால் அன்று ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான கெண்டக்கிக்குள் போனபிறகுதான் அலுவலகத்துக்கான திருப்பத்தை விட்டுவிட்டது தெரிந்தது. மனசு சின்ன வயதில் ஊரில் வீடியோ டெக் முன்னால் உட்கார்ந்திருந்தது.

டெக் வாடகைக்கு எடுத்தால் விடிய விடியப் படம் பார்ப்பதுதானே வழக்கம். அன்று வந்த கேசட்டுகளில் ஒன்றில் முதல் அரைமணி நேரம் யாருடைய கல்யாணமோ ஓடியது. மாப்பிள்ளை மாலையைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று கறுப்பு வெள்ளையில் ஒரு ஆங்கிலப் படம். அந்த மெட்டைப் பாடும் ஒரு பாதிரியார். பணத்துக்காக ஒரு அண்ணனையும் தங்கையையும் துரத்துகிறார். பணம் பொம்மைக்குள் இருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி கதை சொன்னார். அந்தப் பாதிரியார் குழந்தைகளுக்குச் சித்தப்பா முறை. குழந்தைகளின் அப்பா வெளியூரில் வேலை செய்கிறார், சீக்கிரம் வந்துவிடுவார்.

பாதிரியாரின் விரல்களில் எழுத்துகளைப் பச்சை குத்தியிருக்கும். ஒரு கையில் அன்பு, இன்னொரு கையில் வெறுப்பு என்றார் அப்பா. மறுநாள் பேனாவால் நானும் எழுதிக்கொண்டேன். வெ, று, ப், பு: நாலு விரலுக்கும் கச்சிதம். அன்புக்கு மூன்றே எழுத்து. சுண்டுவிரல் மொட்டையாக நின்றது. அதில் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்தேன். வாத்தியார் ஸ்கேலால் அடித்தது வெறுப்புக் கையில்.

சரி, படத்தின் பெயர் என்ன? அலுவலகத்தில் கேட்டேன். வெள்ளை அங்கி போட்ட 'பிரீஸ்ட்', குழந்தைகளின் சித்தப்பா, பொம்மை என்றேன். பொம்மை என்றதும் ஒருவர் ஏதோ பேய்ப் படத்தைச் சொன்னார். இன்னொருவர் 'தி எக்ஸார்சிஸ்ட்' என்று அடித்துச் சொன்னார். இல்லை, பாட்டு உண்டு என்றேன். அதோடு எல்லாருக்கும் ஆர்வம் போய்விட்டது. நம் ஊரில் அங்கி போட்டவரும் பாதிரியார்தான், கோட்டு போட்டுப் பிரசங்கம் செய்கிறவரும் பாதிரியார்தான். இங்கே இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

ஒரு வாரம் தயங்கிவிட்டுப் பாட்டியிடமே போனேன். பனி கரைந்து வாசல் சேறாகியிருந்தது. அவர் பாடியது 1887இல் வந்த 'லீனிங் ஆன் தி எவர்லாஸ்டிங் ஆர்ம்ஸ்' என்ற கீர்த்தனையாம். நான் இரண்டு கைகளையும் மடக்கி விரல்களைக் காட்டினேன். பாட்டி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "அவன் பிரீஸ்ட் இல்லை, பிரீச்சர்! அதுவும் போலி!" என்றார். 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்', 1955. நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம். போலிப் பிரசங்கியாக ராபர்ட் மிட்சம்.

அன்று இரவே பார்த்தேன். வெள்ளை அங்கியே இல்லை. கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. அங்கியை என் ஞாபகம்தான் மாட்டிவிட்டிருக்கிறது. அந்த மெட்டு வந்த இடத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். வெளியே இருட்டில் அவன் பாடுகிறான். உள்ளே துப்பாக்கியோடு காவல் இருக்கும் கிழவி, நடிகை லில்லியன் கிஷ், கூடவே பாடுகிறாள். அவன் விட்டுவிட்டுப் பாடும் இயேசுவின் பெயரை அவள் மட்டும் சேர்த்துக்கொள்கிறாள். இதெல்லாம் அந்த வயதில் எங்கே புரிந்தது.

குழந்தைகள் படகில் தப்பிப் போகும் ஆறு, நான் தினமும் பார்க்கும் இதே ஓஹையோ. கதை நடப்பது மேற்கு வர்ஜீனியாவில், ஆற்றோட்டத்தில் எங்களுக்கு மேலே. அந்தப் படகு நிற்காமல் மிதந்திருந்தால் எங்கள் ஊர்ப் பாலத்தடிக்கு வந்திருக்கும்.

சித்தப்பாவும் இல்லை. அவன் குழந்தைகளின் அம்மாவையே கட்டிக்கொள்கிறான். குழந்தைகளின் அப்பா வெளியூர் போகவில்லை. வங்கியில் கொள்ளையடித்து இரண்டு பேரைக் கொன்றதற்காகத் தூக்கில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த அப்பா ஊர் திரும்பிவிட்டார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"முதல் அரைமணி நேரம்தான் கல்யாணம் ஓடிடுச்சே. அவங்கப்பா எங்கேன்னு நீ நச்சரிச்சே. எனக்கென்னடா தெரியும்? வெளியூர்ல வேலைன்னு சொல்லிவெச்சேன்."

"சித்தப்பா?"

"அவன் இங்கிலீஷ் யாருக்குப் புரிஞ்சுது? சொத்துத் தகராறு மாதிரி இருந்துச்சு, சித்தப்பான்னேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஏண்டா, அந்தக் கிழவி துப்பாக்கி வெச்சிருந்தாளே... அது படத்துல உண்டா, இல்ல அதுவும் நான் சொன்னதா?"

"உண்டுப்பா. துப்பாக்கி நிஜம்தான்."