பாவ்டக்கெட்: 33 இன்னிங்ஸ் ஓடிய ஆட்டம்

மைனர் லீக் பேஸ்பால் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை லீக்குகள்) என்றால் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள பாவ்டக்கெட் ஊரைச் சொல்லாமல் முடியாது. 1942-இல் திறந்த மெக்காய் ஸ்டேடியம் அங்கேதான் இருந்தது.

1981 ஏப்ரல் 18 இரவு, பாவ்டக்கெட் அணிக்கு ராச்செஸ்டர் அணியுடன் ஆட்டம். வழக்கமான 9 இன்னிங்ஸ் முடிவில் 1-1. ஒருவர் முந்தும்வரை ஆடியே தீர வேண்டும். 21-ஆவதில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுக்க, பாவ்டக்கெட்டின் வேட் பாக்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் அடி) அடித்துச் சமன் செய்தார். பின்னிரவில் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி, நடுவர்கள் கையிலிருந்த பிரதியில் விடுபட்டுப் போயிருந்தது, அதுதான் வினை. போதாததற்கு எதிர்க்காற்று, தூக்கி அடித்த பந்தையெல்லாம் உள்ளேயே தள்ளியது. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த பேட்டுகளை எரித்தார்கள். லீக் தலைவர் போனில் சிக்கிய பிறகு, காலை 4:07-க்கு, 32 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். மிஞ்சிய ரசிகர்கள் 19 பேர்! ஜூன் 23-இல் தொடர்ந்தபோது 33-ஆவது இன்னிங்ஸிலேயே, 18 நிமிடத்தில் முடிந்தது. டேவ் கோஸா அடித்த அடியில் பாவ்டக்கெட்டுக்கு 3-2 வெற்றி.

எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று: மெக்காயில் வீரர்கள் உட்காரும் டக்-அவுட், ரசிகர்களின் இருக்கைகளுக்கு நேர் கீழே இருந்தது. பிள்ளைகள் பால் கேனை வெட்டி, பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் இறக்கி ஆட்டோகிராஃப் வாங்குவார்கள்.

2021-இல் பாவ்டக்கெட் அணி வுஸ்டர் என்ற வேறு ஊருக்குப் போய்விட்டது. கடைசி சீசனையும் கொரோனா விழுங்கியதால், பாவ்டக்கெட்டுக்கு வழியனுப்பும் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பெரிய அநியாயம்.