கஜாவுக்கு முன்னா, பின்னா?

2020 பிப்ரவரியில் ஓர் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புக்காக வேதாரண்யம் பக்கம் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை அளந்துகொண்டிருந்தேன். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பலகையில் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருத்தி தலையைப் பிடிக்க, இன்னொருத்தி முட்டியை அழுத்தி, பாதத்தில் கட்டையைக் கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டும். பிள்ளை வீறிட்டு அழும், அம்மா முகம் வாடும். எடை பார்க்கும்போது கொலுசு, அரைஞாண் எல்லாம் கழற்றச் சொல்வோம், அதற்கும் சில பாட்டிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வயது.

ஒரு பையன் 78 சென்டிமீட்டர் இருந்தான். எங்கள் குழுவில் ஒருவர் ஏற்கெனவே 'இரண்டு வயது' என்று எழுதியிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, இரண்டு வயதுப் பையன் 78 சென்டிமீட்டர்தான் என்றால் அது கடுமையான வளர்ச்சிக் குறைவு. ஆனால் அவன் தவழ்ந்த விதமும் நின்ற விதமும் எனக்கு ஒப்பவில்லை. தடுப்பூசி அட்டை இருக்கா என்று கேட்டேன். "கூரையோட போச்சுக்கா" என்றாள் அந்தப் பெண். சரி, கஜா அடிச்சப்ப இவன் பொறந்துட்டானா என்று கேட்டேன். "குப்புற விழுந்து ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். இவனத் தூக்கிக்கிட்டுத்தான பள்ளிக்கூடத்துக்கு ஓடுனோம்." அப்புறம் தானாகவே சொன்னாள், ஆடிப்பூரத்துக்கு மறுநாள் வலி வந்ததாம். கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. விரல் விட்டு எண்ணினால் பையனுக்குப் பதினெட்டு மாதம். அந்த வயதுக்கு, இதற்குக் கீழே போனால் வளர்ச்சிக் குறைவு என்று எண்ணும் எல்லைக்கோடு கிட்டத்தட்ட 77. உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை, பையன் கோட்டுக்கு மேலே வந்துவிட்டான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் அலுவலகத்தில் மாநிலங்களை ஒப்பிடும் வேலைக்கு வந்தபோது இந்தப் பையன்தான் கண்முன் நின்றான். வயதில் வரும் பிழை கூட்டியும் குறைத்தும் சமமாக வந்தால் கழிந்துபோய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். சராசரிக்கு அது சரி. ஆனால் நாம் எண்ணுவது கோட்டுக்குக் கீழே விழுந்தவர்களை. பிழை கூடக்கூட அளவுகள் இரண்டு பக்கமும் சிதறும், அதனால் கீழே விழும் எண்ணிக்கையும் கூடும். பிறந்த தேதி எழுதிவைக்க வழியில்லாத, அட்டையைப் புயலிலோ வெள்ளத்திலோ தொலைத்த ஊர்கள்தான் பெரும்பாலும் ஏழை ஊர்கள். உண்மையான பசியோடு கணக்கின் பிழையும் அங்கேதான் சேர்ந்து குவிகிறது.

இதனால் வித்தியாசமே பொய் என்று சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் பீகாரில் 42.9 சதவீதம், தமிழ்நாட்டில் 25. இந்த இடைவெளியைத் தேதிப் பிழை என்று யாரும் தள்ளிவிட முடியாது, தள்ளினால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கேரளத்தின் 23.4-ஐயும் நம்முடைய 25-ஐயும் வைத்து யார் மேல் என்று பேசுகிறார்களே, அங்கேதான் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. மேகாலயாவைப் பாருங்கள். அதே ஆய்வில் உயரக் குறைவில் 46.5 சதவீதத்தோடு நாட்டிலேயே மோசம். உயரத்துக்கேற்ற எடையில்லாமல் மெலிந்த பிள்ளைகளோ அங்கே 12.1 சதவீதம்தான், நம்மிடம் 14.6. எந்த அளவைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசையே தலைகீழாகிறது.

இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, அளவுப் பலகையைத் தொடுவதற்கு முன் அரை நாள் உட்காரவைத்து அந்த வட்டாரத்தின் திருவிழா, புயல், தேர்தல், அறுவடை எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதச் சொல்கிறேன். உள்ளூர் அங்கன்வாடி டீச்சரையும் ஆயாவையும் கூப்பிட்டு வைத்துக்கொள்வேன். போனமுறை ஒரு ஆயா, தெருவில் உள்ள பதினோரு பிள்ளைகள் பிறந்த மாதத்தையும் பட்டியல் பார்க்காமலே வரிசையாகச் சொன்னார்.