மழலையர் வகுப்புக்கு முந்தைய அந்த ஓராண்டு

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆவதற்குள் பெற்றோரில் யாராவது ஒருவர் வாசலில் நின்று, “இன்னும் எழுத்து எழுதத் தொடங்கவில்லையா?” என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். எட்டு ஆண்டுகள் மழலையர் வகுப்பில் பணியாற்றிவிட்டு, கடந்த நான்கு ஆண்டுகளாக அதற்கு ஒரு படி கீழே, நாம் ப்ரீகேஜி என்று அழைக்கும் முன்மழலையர் வகுப்பில் இருக்கிறேன். பிள்ளைகளை வரவேற்கும் இடத்தில் இருந்த அந்த எட்டு ஆண்டுகளில், எழுத்துத் தெரியாத காரணத்தால் தவித்த பிள்ளை எவரையும் நான் பார்க்கவில்லை. எழுத்தைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் கால்களைப் பின்னிக்கொண்டு நின்ற பிள்ளையை, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் மதியம் வரை தாகத்தோடு இருந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். முன்மழலையர் வகுப்பு முதலில் ஈடுசெய்வது இந்தக் குறையைத்தான்.

வீட்டில் குழந்தையின் முகம் சற்று வாடினாலே அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. பதினைந்து பிள்ளைகள் இருக்கும் அறையில் அது நடக்காது. அங்கே தேவையைச் சொல்லாக்கி, அறிமுகமில்லாத ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும். பிரிவும் அப்படித்தான். முதல் வாரம் கதவைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தை, அம்மா போனால் திரும்பி வருவார் என்பதை நாள்தோறும் ஒருமுறை கண்ணால் கண்டு, அந்த அனுபவம் சேரச் சேரத்தான் கையை விடுகிறது. இதை அறிவுரையால் கொடுக்க முடியாது. எனவே பெற்றோர் குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவிச் செல்லாமல், சொல்லிக்கொண்டு செல்லுமாறு நான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

எங்கள் அறையில் மரக்கட்டைகள் இருக்கும் மூலைதான் மிகப் பெரிய வகுப்பறை. இந்தக் கட்டைகளை விளையாட்டாகவும் பாடமாகவும் ஒருசேர வகுத்தவர் ஜெர்மனியின் பிரீட்ரிக் ஃப்ரோபல். 1840இல் குழந்தைகளின் தோட்டம் என்ற பொருளில் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. சென்ற ஆண்டு ஒரு நாள், அந்த மூலையில் இரண்டு பேர் ஒரே நீளக் கட்டையின் இரு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போய் உட்கார்ந்தேனே தவிர, கட்டையை வாங்கவில்லை. சிறிது நேரம் இழுபறி நீடித்தது. பிறகு ஒருத்தி தன் முனையை விட்டுவிட்டு, “நீ பாலம் கட்டு, அதற்கப்புறம் நான் அதன் மேல் வண்டி ஓட்டுவேன்” என்றாள். அவள் ஆசையை அடக்கினாள், மாற்று வழி ஒன்றை யோசித்தாள், தன் முறை வரும் வரை அதை மனத்தில் வைத்துக் காத்திருந்தாள். கவனத்தையும் நடத்தையையும் ஆளும் மனத்திறன்களாக உளவியலாளர்கள் சொல்லும் மூன்றும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருந்தன. மழலையர் வகுப்பில் ஆசிரியர் சொல்லும் இரண்டு மூன்று கட்டளைகளை நினைவில் வைத்து வரிசையாகச் செய்வதற்கும் இதே திறன்கள்தாம் வேண்டும்.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெற்றோர் மிகவும் ஏமாறும் இடம் இதுதான். ஒரு சிறுவன் இருபது வரை தடையின்றிச் சொல்வான். பொத்தான் கிண்ணத்தை நீட்டி, “எனக்கு நான்கு பொத்தான் கொடு” என்றேன். கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். எண்ணிப் பார்க்கச் சொன்னால், ஏழு என்று சரியாக எண்ணினான். அப்படியானால் நான்கு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று தலையாட்டினான். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்று அறிவது வேறு, குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகப் பொருள் புரிந்துகொண்டு, பல மாதங்கள் கழித்தே அந்த அறிவை எட்டுகிறார்கள். அந்த மாதங்களில் செய்ய வேண்டியதெல்லாம் ஆளுக்கொரு தட்டு வைப்பது, படிகளை எண்ணி ஏறுவது, பொத்தான்களை எடுத்துக் கொடுப்பது ஆகியவைதாம். நூறு வரை ஒப்பிக்க வைப்பதால் இது விரைவுபடுவதை நான் கண்டதில்லை.

படிப்புக்கும் அடித்தளம் காதில்தான் இருக்கிறது. பட்டு, தட்டு, சிட்டு என்று எதுகை சேரும் சொற்களைப் பாடிக் கைதட்டும்போது, சொல் என்பது சிறு ஒலிகளாகப் பிரியக்கூடியது என்பதைக் குழந்தை உணர்கிறது. எழுத்து அந்த ஒலியின் மேல்தான் வந்து உட்கார வேண்டும். கைக்குக் களிமண், மணி கோத்தல், காகிதம் கிழித்தல் போதும். விரல் வலுப்பெறும் முன் பென்சிலைத் திணித்தால், முஷ்டியால் பிடிக்கும் பழக்கம் ஊன்றிவிடுகிறது. தொடக்கத்தில் நானே ஒரு குழந்தைக்கு அப்படிச் செய்து, பின்னர் அதை மாற்ற அவன் பட்ட சிரமத்தைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

முன்மழலையர் வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டாலே பயன் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வில், வறுமைப்பட்ட குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேர் வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் பெற்ற நுண்ணறிவு மதிப்பெண் உயர்வு சில ஆண்டுகளில் மறைந்துபோனது. ஆயினும் 40 வயதில், பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் நல்ல வருவாய் ஈட்டியவர்களும் சேராதவர்களைவிட அவர்களில் அதிகமாக இருந்தார்கள். மறுபுறம், டென்னசி மாநிலத்தின் முன்மழலையர் திட்டத்தில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் பின்தங்கியிருந்ததாக 2022இல் ஆய்வு முடிவு வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, நிலைத்து நின்றது மதிப்பெண் அல்ல, விடாமுயற்சியும் பிறரோடு பழகும் திறனுமே என்று எனக்குத் தோன்றுகிறது. அவை வளர்வதும் வாடுவதும், அந்த அறையில் பெரியவர்கள் குழந்தையோடு எப்படிப் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் அதை அசையாமல் உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

ஆண்டின் இறுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பு எழுதி, அடுத்த வகுப்பின் ஆசிரியையிடம் நானே நேரில் கொடுக்கிறேன். பாலம் கட்ட விட்டுக்கொடுத்த சிறுமியின் குறிப்பில் இப்படி எழுதியிருந்தேன்: “தேவையை வாய்விட்டுக் கேட்பாள். ஐந்து பொருள்களை எண்ணிக் கொடுப்பாள். தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அடையாளம் காண்பாள். புதிய இடத்தில் முதல் பத்து நிமிடம் பேசமாட்டாள். அப்போது அருகில் உட்கார்ந்திருந்தால் போதும், கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.”